பேவர் பிளாக் இடுக்கில் மணல் நிற்கவே மாட்டேன் என்கிறது, சிமெண்ட் வைத்து அடைத்துவிடலாமா?

கேட்டிருப்பது இதுதான்: வீட்டு முன்வாசலிலும் பக்கவாட்டு நடைபாதையிலும் பேவர் பிளாக் போட்டு ஒரு வருடம் ஆகிறது. ஒவ்வொரு மழைக்கும் இடுக்கு மணல் காணாமல் போகிறது, புல் முளைக்கிறது, எறும்பு வேறு மண்ணைத் தள்ளி வைக்கிறது. சிமெண்ட் பூசிவிட்டால் தொல்லை தீருமா?

சிமெண்ட் மட்டும் வேண்டாம். அதைச் செய்து பார்த்துவிட்டு, அப்புறம் உளியும் சுத்தியலுமாக இரண்டு ஞாயிற்றுக்கிழமை குத்தவைத்துப் பெயர்த்தவன் சொல்கிறேன்.

எங்கள் வீடு சென்னைப் புறநகரில். கார் நிற்கும் இடம், வீட்டைச் சுற்றிப் பின்பக்கம் போகும் சந்து, எல்லாம் சேர்த்து 400 சதுர அடி. 60 மி.மீ. ஜிக்ஜாக் பிளாக். புரட்டாசிக் கடைசியில் ஆள் வந்து இரண்டே நாளில் முடித்தார்கள். மேலே மணலைத் தூவி, விளக்குமாறால் இழுத்துவிட்டு, கணக்கு முடித்துக்கொண்டு போய்விட்டார்கள். ஐப்பசி மழை இரண்டு நாள் அடித்தது. மூன்றாம் நாள் பார்த்தால் இடுக்கெல்லாம் பல் விழுந்த வாய் மாதிரி இருந்தது. மழை அடித்துக்கொண்டு போய்விட்டது என்று நானே இரண்டு மூட்டை மணல் வாங்கிப் பெருக்கிவிட்டேன். அடுத்த மழைக்கு அதுவும் இல்லை.

வெறுத்துப்போய், ஒருவர் சொன்னார் என்று கார் நிற்கும் பகுதியில் மட்டும் ஒரு பங்கு சிமெண்டுக்கு ஆறு பங்கு மணல் சேர்த்த கலவையை உலர்வாகப் பெருக்கி மேலே தண்ணீர் தெளித்தேன். இரண்டு மாதம் பாறை மாதிரி இருந்தது. மாசி வாக்கில் சக்கரம் ஏறி இறங்கும் தடத்தில் மயிரிழை விரிசல் விட்டு, அப்புறம் பிஸ்கட் மாதிரித் துண்டு துண்டாகக் கழன்றது. பிளாக்கின் மேலே படிந்த வெள்ளைத் திட்டு மட்டும் இன்றுவரை கழலவில்லை.

அதன் பிறகுதான் பழைய மேஸ்திரி ஒருவரைக் கூப்பிட்டேன். வந்தவர் எதுவும் கேட்காமல், சிமெண்ட் போடாத சந்துப் பக்கம் போய், இரண்டு ஸ்குரூ டிரைவரை இருபக்கமும் விட்டு ஒரு பிளாக்கை நெம்பித் தூக்கினார். திருப்பிப் பக்கவாட்டைக் காட்டினார். மேலிருந்து ஒரு விரல் அகலத்துக்கு மட்டும் மணல் ஒட்டிய கறை. அதற்குக் கீழே தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே சுத்தமாக இருந்தது.

"மணல் எங்கேயும் போகல சார். உள்ளயே போகல" என்றார்.

உங்கள் வீட்டிலும் முதலில் இதைத்தான் பாருங்கள். மணல் போய்விட்டது என்று புலம்புகிறவர்களில் பாதிப் பேர் வீட்டில் அது இறங்கவே இல்லை என்பது என் எண்ணம். ஈர மணல் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு இடுக்கின் வாயிலேயே பாலம் கட்டிவிடும். மேலே பார்த்தால் நிறைந்தது போலவே தெரியும், கீழே வெறும் பொந்து. முதல் நல்ல மழையில் பாலம் உடைந்து, இருக்கிற கொஞ்ச மணலும் அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும். பிளாக்கைத் தூக்கப் பயமாக இருந்தால் பழைய ஹேக்ஸா பிளேடை இடுக்கில் நட்டக்குத்தலாக விட்டுப் பாருங்கள். கைவிரல் அழுத்தத்துக்கே மூன்று நான்கு சென்டிமீட்டர் இறங்கினால் உள்ளே காலி.

அளவுக் கணக்கும் அதையேதான் சொல்லும். 200-க்கு 100 மி.மீ. நீள்சதுர பிளாக், 60 மி.மீ. கனம், 3 மி.மீ. இடுக்கு என்று வைத்தால், ஒரு சதுர மீட்டரில் இடுக்குகளின் மொத்த நீளம் 15 மீட்டர் வரும். அதை நிரப்ப ஏறக்குறைய 2.7 லிட்டர் மணல், அதாவது நாலு கிலோ. 400 சதுர அடிக்கு 150 கிலோ. ஜிக்ஜாக் என்றால் ஓரம் வளைந்து போவதால் இன்னும் கொஞ்சம் கூடும். சிமெண்ட் சாக்கில் கட்டினால் குறைந்தது மூன்று மூட்டை. எங்கள் வீட்டில் முதலில் வந்தவர்கள் பிரித்தது ஒரே ஒரு மூட்டை!

அந்த இடுக்கு மணல் சும்மா அலங்காரத்துக்கு இல்லை. ஒரு பிளாக் மேல் சக்கரம் ஏறினால் அந்தப் பாரத்தைப் பக்கத்துப் பிளாக்குகளுக்குப் பிரித்துக் கொடுப்பது இடுக்கில் இறுகி நிற்கும் மணல்தான். அது இல்லாவிட்டால் ஒவ்வொரு பிளாக்கும் தனித்தனியாக ஆடும், ஓரங்கள் ஒன்றோடொன்று இடித்து உடையும். சிமெண்ட் ஏன் தோற்கிறது என்பதும் இதிலேயே இருக்கிறது. தரை துளித்துளியாக அசையும்படி அமைந்தது, சிமெண்டுக்கு அசையத் தெரியாது. போதாததற்கு நாளைக்குத் தண்ணீர்க் குழாயோ கழிவுநீர் பைப்போ மாற்ற வேண்டும் என்றால், பிளாக்கை எடுத்துத் திரும்பப் போடும் வசதியும் போய்விடும். அந்த வசதிக்காகத்தானே கான்கிரீட் தளம் போடாமல் பிளாக் போட்டோம்?

சரி, எப்படி நிரப்புவது? மணல் ரவை பதத்தில் இருக்க வேண்டும். இந்திய சாலை காங்கிரஸின் பேவர் வழிகாட்டியான எஸ்பி 63 இடுக்கு 2 முதல் 4 மி.மீ. வரை இருக்கலாம் என்கிறது. இடுக்கு மணலுக்கு 2.36 மி.மீ. சல்லடையில் சலித்தது. பிளாக்குக்கு அடியில் விரிப்பது இதைவிடப் பருமனான மணல். இரண்டுக்கும் ஒரே குவியலிலிருந்து அள்ளுகிறார்கள் பாருங்கள், தொல்லை அங்கேதான் ஆரம்பிக்கிறது. ஆற்றுமணலுக்கு அலைய வேண்டியதில்லை, பூச்சு வேலைக்கு விற்கும் பி-சாண்டைச் சலித்து எடுத்தாலே போதும். கிரஷர் டஸ்ட் மலிவு என்று தள்ளிவிடப் பார்ப்பார்கள். அதில் மாவு மாதிரித் தூள் அதிகம், ஈரத்தைப் பிடித்துக்கொண்டு சேறாகும், புல்லுக்கு நல்ல மெத்தையாகவும் ஆகும். கடல்மணல் கூடவே கூடாது, உப்பு பூக்கும்.

எல்லாவற்றையும்விட முக்கியம் மணலைக் காயவைப்பது. நாங்கள் மணலை மொட்டை மாடியில் தார்பாய் விரித்து, சித்திரை வெயிலில் ஒரு நாள் முழுக்கப் போட்டு, மத்தியானம் ஒருமுறை கிளறியும் விட்டோம். கைப்பிடி எடுத்து இறுக்கிப் பாருங்கள். கையைத் திறந்ததும் சர்க்கரை மாதிரி உதிர வேண்டும். பிடி கொழுக்கட்டை மாதிரி நின்றால் இன்னும் ஈரம் இருக்கிறது. பிளாக்கும் காய்ந்திருக்க வேண்டும், அதனால் முதல் நாள் வாசல் தெளிப்புக்கு லீவு.

அப்புறம் மெஷின். சின்ன வேலைக்கு யாரும் பிளேட் காம்பாக்டர், அதாவது இரும்புத் தகடு அதிர்ந்து தளத்தை இறுக்கும் மெஷின், கொண்டுவர மாட்டார்கள், ரப்பர் சுத்தியலால் தட்டியே ஒப்பேற்றுவார்கள். வாடகைக்கு எடுத்துத் தந்தாவது ஓட்டச் சொல்லுங்கள். பிளாக் அடுக்கியதும் மணல் போடாமல் ஒரு ஓட்டு. மணலைப் பெருக்கிவிட்டு இன்னொரு ஓட்டு. அதிர்வில் மணல் சர்ரென்று இறங்குவதைக் கண்ணால் பார்க்கலாம். இறங்கிய இடத்தில் மறுபடி மணல், மறுபடி ஓட்டு. இனி இறங்காது என்கிற வரை. எங்கள் வீட்டில் மூன்று முறை ஆனது. பளபளப்பான வண்ண பிளாக் என்றால் தகட்டுக்கு அடியில் ரப்பர் ஷீட் கட்டாமல் ஓட்ட விடாதீர்கள், கீறிவிடும். ஓரத்தில் தடுப்பு இல்லாத பக்கம் விளிம்பிலிருந்து ஒரு மீட்டர் தள்ளியே நிறுத்த வேண்டும். முடிந்ததும் மேலே மிச்சம் இருப்பதை உடனே கூட்டி அள்ளாமல் ஒரு வாரம் விட்டுவைத்தால், நடக்க நடக்க இன்னும் கொஞ்சம் இறங்கும். வீட்டுக்குள் மணல் வருகிறது என்று திட்டு விழும், வாங்கிக்கொள்ளத்தான் வேண்டும்.

இப்படி நிரப்பிய பிறகும் குறைகிறது என்றால்தான் மணல் நிஜமாகவே எங்கேயோ போகிறது. எங்கே என்று கண்டுபிடிக்காமல் மூட்டை மூட்டையாகக் கொட்டிப் பயனில்லை.

எங்களுக்குப் போனது பக்கவாட்டில். வாழை வைத்திருந்த பாத்தி ஓரம் கெர்ப் கல், அதாவது ஓரத் தடுப்புக் கல், வைக்கவில்லை, மண்ணை அணைத்துவிட்டிருந்தார்கள். மண் கரைந்ததும் கடைசி வரிசை மெல்ல வெளியே நகர்ந்தது, அதன் பின்னால் அடுத்தடுத்த வரிசைகளும். இடுக்கை அளக்க ஸ்கேல் தேட வேண்டாம். இரண்டு ஒரு ரூபாய் நாணயத்தைச் சேர்த்துப் பிடித்தால் 3 மி.மீ. பக்கம் வரும். இரண்டு சரியாக நுழைந்தால் நல்லது. மூன்று நாலு நாணயம் தாராளமாகப் போகிற இடம் விரிந்த இடம். அங்கே மணல் போட்டால் நிற்காது. ஓர வரிசைகளைக் கழற்றி நெருக்கி அடுக்கி, கெர்ப் கல்லைக் கான்கிரீட்டில் பதித்த பிறகுதான் எங்களுக்கு அடங்கியது.

சில வீடுகளில் கீழே போகும். அடியில் பெரிய ஜல்லியைக் கொட்டி, சரியாகத் திமிசு போடாமல், அதன் மேல் நேராக மணல் விரித்திருந்தால், ஒவ்வொரு மழைக்கும் மணல் ஜல்லிச் சந்துகளுக்குள் இறங்கும். அங்கங்கே பள்ளம் விழுந்து தண்ணீர் தேங்குவது அதற்கு அடையாளம். அந்த இடத்தைக் கழற்றி, அடித்தளத்தைப் பொடி ஜல்லி கலந்து இறுக்கி, மணலுக்கும் ஜல்லிக்கும் நடுவே தண்ணீரை விட்டு மணலைத் தடுக்கும் ஜியோடெக்ஸ்டைல் துணி விரித்துத் திரும்பப் போடுவதுதான் வழி. செலவுதான், ஆனால் மேலிருந்து செய்யும் எந்த வைத்தியமும் இதற்குச் செல்லாது.

மேலே போவதற்குக் காரணம் தண்ணீர். மொட்டை மாடிக் குழாய் நேராகத் தளத்தில் கொட்டுகிறதா என்று பாருங்கள். அந்த இடத்தில் எந்த மணலும் தங்காது. 2003 முதல் தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பு கட்டாயம். அந்தக் குழாயைத் தொட்டிக்குத் திருப்பினால் இரண்டு வேலை ஒன்றாக முடியும். தளத்துக்கு 50 அடிக்கு ஒரு அடி வாட்டமாவது வேண்டும். கார் கழுவும் பிரஷர் பம்பை இடுக்குக்கு நேராகப் பிடித்தால் அது மணலைத் தோண்டி எடுக்கும். சாய்த்து, தள்ளிப் பிடியுங்கள். தென்னை விளக்குமாறால் தினமும் அழுத்திப் பெருக்குவதிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும், ஆனால் அது வருடத்துக்கு ஒரு வாளிக் கணக்குதான்.

புல் விஷயத்தில் பலரும் அடியிலிருந்து வருகிறது என்று நினைத்துப் பிளாஸ்டிக் ஷீட் விரிக்கிறார்கள். தண்ணீர் இறங்க வழியில்லாமல் போவதுதான் மிச்சம். குப்பைமேனி, கீழாநெல்லி எல்லாம் மேலிருந்து விழும் விதைதான். காலியான இடுக்கில் தூசியும் சருகும் சேர்ந்து மக்கினால் முளைக்கும். இடுக்கு விளிம்பு வரை நல்ல மணலால் நிறைந்திருந்தால் அதற்கு இடமே இல்லை. விதிவிலக்கு கோரை. அதன் கிழங்கு மண்ணில் இருந்தால் எதையும் துளைத்துக்கொண்டு வரும், தளம் போடும் முன்பே தோண்டி எடுத்திருக்க வேண்டும். இரண்டு இலைப் பருவத்தில் கொதிக்கும் தண்ணீர் ஊற்றினால் மற்றவை செத்துப்போகும். உப்புக் கரைசல் ஊற்றாதீர்கள், பக்கத்தில் இருக்கும் மரமும் சேர்ந்து வாடும்.

எறும்புக்கு எங்கள் வீட்டில் காரணம் கோலம். அம்மா பச்சரிசி மாவில்தான் போடுவார். கோலத்துக்கு அடியில் இருக்கும் இடுக்குகளில் மட்டும் வரிசையாகக் குட்டிக் குட்டி மணல் கூம்புகள். கல்மாவுக் கோலப்பொடிக்கு மாறலாமே என்றேன். "எறும்பு தின்னத்தாண்டா அரிசி மாவுல போடுறது" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். கடைசியில் கோலத்தை வாசற்படிக்குக் கீழே இருக்கும் கடப்பைக் கல்லுக்கு மாற்றினோம். எறும்பும் அங்கேயே போய்விட்டது.

வெளிநாட்டு வீடியோக்களில் வரும் பாலிமரிக் சாண்ட் பற்றியும் கேட்பீர்கள். தண்ணீர் பட்டதும் இறுகும் பசை கலந்த மணல் அது. நன்றாகத்தான் இருக்கும், ஆனால் இடுக்கு அடிவரை காய்ந்திருக்க வேண்டும், மேலே படிந்த தூளைத் துளிகூட விடாமல் ஊதி எடுத்த பிறகே தண்ணீர் தெளிக்க வேண்டும், இறுகும் வரை மழை வரக்கூடாது. தூள் தங்கிவிட்டால் பிளாக் மேல் வெள்ளைப் படலமாக நின்றுவிடும். ஆடுகிற தளத்தை அது நிறுத்தாது. வீட்டு வாசலுக்கு அந்தச் செலவு தேவையில்லை என்பது என் கருத்து.

இப்போது கார்த்திகை மழை ஓய்ந்து, பொங்கலுக்கு வீடு சுத்தம் செய்யும்போது ஹேக்ஸா பிளேடோடு ஒரு சுற்று வருவேன். போன தை மாதம் குறைந்திருந்தது அரை வாளி. மாடிப்படிக்கு அடியில் மூடி போட்ட பெயிண்ட் வாளியில் சலித்துக் காயவைத்த மணல் எப்போதும் இருக்கிறது. மூடி முக்கியம், இல்லாவிட்டால் பூனை வேறு கணக்குப் போட்டுவிடும்.