ஆவணப்படம் ஓடட்டும், ஆறு நிமிடம் மட்டும்

கேள்வி: மண்டபம் பக்கத்தில் உள்ள அரசுப் பள்ளியில் 9, 10ஆம் வகுப்புகளுக்குச் சமூக அறிவியல் எடுக்கிறேன். ஸ்மார்ட் போர்டு வந்த பிறகு, டி.வி. சேனல்கள் எடுத்த வரலாற்று ஆவணப்படங்களை வகுப்பில் போட்டுக் காட்டுகிறேன். பிள்ளைகள் மூச்சுவிடாமல் பார்க்கிறார்கள். மறுநாள் கேட்டால் புயல் சத்தமும் கிராபிக்ஸ் அலையும்தான் நினைவிருக்கிறது. “படம் போட்டே பீரியடை ஓட்டுகிறீர்கள்” என்கிறார் ஹெச்.எம். எவ்வளவு நேரம் காட்டலாம்? எப்படிக் காட்டினால் பாடம் நிற்கும்? இதற்கு யாரிடமாவது அனுமதி வாங்க வேண்டுமா?

பதில்: உங்கள் ஹெச்.எம். சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது டீச்சர். 45 நிமிடப் படத்தை 40 நிமிட பீரியடில் ஓடவிட்டு, மணி அடித்ததும் நிறுத்தினால் அது பாடம் ஆகாது. ஆனால் அதற்காகப் படத்தையே ஒதுக்கிவிட வேண்டியதும் இல்லை.

டி.வி. ஆவணப்படம் வகுப்பறைக்காக எடுக்கப்பட்டது அல்ல. ரிமோட் வைத்திருப்பவர் சேனலை மாற்றிவிடக் கூடாது என்பதுதான் எடுத்தவரின் முதல் கவலை. விளம்பரத்துக்கு முன்னால் ஒரு மர்மக் கேள்வி, விளம்பரம் முடிந்ததும் அதே காட்சி மறுபடியும், பின்னால் நெஞ்சை அடைக்கும் இசை, எதையும் சந்தேகமில்லாமல் சொல்லும் கனத்த குரல், எல்லாம் அதற்குத்தான். அந்தக் குரல் சொல்வதைப் பிள்ளைகள் அப்படியே விழுங்கிவிடுகிறார்கள். வரலாற்று வகுப்பில் அந்தக் குரலை ஒரு சாட்சியாக வைத்துக்கொள்ளுங்கள். சாட்சி சொன்னதைக் குறுக்கு விசாரணை செய்யாமல் ஏற்கக் கூடாது. விசாரணைக்கு ஆறு நிமிடக் காட்சி போதும், எட்டுக்கு மேல் வேண்டாம். அந்த ஆறு நிமிடத்தையே இரண்டு மூன்று முறை காட்டுங்கள்.

தனுஷ்கோடியையே எடுத்துக்கொள்வோம். உங்கள் பக்கம் எந்த சேனல் வந்தாலும் கடைசியில் காமிராவைக் கொண்டுபோய் நிறுத்துவது அந்த இடிந்த தேவாலயத்தின் முன்னால்தான். 1964 டிசம்பர் 22ஆம் தேதி இரவு அடித்த புயலில், பாம்பனிலிருந்து கிளம்பிய 653ஆம் எண் பாசஞ்சர் ரயில் தனுஷ்கோடி ஸ்டேஷனை நெருங்கும்போது கடலுக்குப் பலியானது, ஊரும் அழிந்தது. இதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. இதைப் பற்றி எடுத்த ஏதாவது ஒரு படத்தில், ரயில் கிளம்புவதிலிருந்து மறுநாள் விடிவது வரையிலான பகுதியைத் தேர்ந்துகொள்ளுங்கள்.

முதல் தடவை சத்தத்தை முழுக்க நிறுத்திவிட்டு ஓட்டுங்கள். இசை போனதும் பாதி பயம் போய்விடும், கண் வேலை செய்ய ஆரம்பிக்கும். அதற்கு முன்பே நோட்டில் ஒரு பக்கத்தை மூன்றாக மடிக்கச் சொல்லி, அசல், நடிப்பு, பேச்சு என்று தலைப்புப் போடச் சொல்லுங்கள். இடிந்த சுவர், பழைய புகைப்படம், அந்தக் காலத்துப் பத்திரிகைச் செய்தி எல்லாம் அசல். நடிகர்களை வைத்து எடுத்தது, கிராபிக்ஸ், வேறெங்கோ எடுத்து ஒட்டிய அலை எல்லாம் நடிப்பு. ‘பேச்சு’ காலியாகவே இருக்கட்டும்.

காட்சி முடிந்ததும் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: “அந்த நள்ளிரவில், அந்தக் காற்றில், காமிராவோடு அங்கே யார் நின்றிருப்பார்?” படத்தில் பார்த்த புயல் அந்தப் புயல் இல்லை என்பது அவர்களுக்கே பிடிபட்டுவிடும். இதில் உங்களுக்கு ஒரு வசதியும் இருக்கிறது. மதுரையில் உள்ள பிள்ளைக்கு எல்லாக் கடலும் ஒரே கடல்தான். உங்கள் பிள்ளைகள் அப்படியில்லை. பாறையில் மோதித் தெறிக்கிற அலையைக் காட்டினால், “தனுஷ்கோடியில் ஏது டீச்சர் பாறை, மணல்தானே” என்று கடைசி பெஞ்சிலிருந்து குரல் வரும்.

இரண்டாம் தடவை சத்தத்தோடு ஓட்டுங்கள். இப்போது ‘பேச்சு’ப் பகுதி நிரம்பும். பின்னணிக் குரல் சொல்கிற எண்களையும் அடைமொழிகளையும் மட்டும் குறித்தால் போதும். ரயிலில் இறந்தவர்கள் எண்ணிக்கை படத்துக்குப் படம் மாறும். ஒன்று 110 பயணிகள், 5 ஊழியர்கள் என்று சொல்லும், இன்னொன்று 200 வரை போகும். புயலில் மொத்தம் 1,800 பேர் என்ற எண்ணும் புழங்குகிறது, சில படங்கள் அதையும் ரயிலையும் போட்டுக் குழப்பிவிடும். சரியான எண் எது என்று நீங்கள் உடனே சொல்லிவிடாதீர்கள். ஏன் மாறுகிறது என்று கேளுங்கள். விற்ற டிக்கெட்டை வைத்து எண்ணினால் டிக்கெட் எடுக்காமல் ஏறியவர்கள் விட்டுப்போவார்கள். கிடைத்த உடல்களை வைத்து எண்ணினால் கடல் கொண்டுபோனவர்கள் விட்டுப்போவார்கள். இந்த இரண்டு வாக்கியத்தை ஒரு மாணவி தானாகச் சொல்லிவிட்டால், அன்றைக்குப் பாடம் நடந்துவிட்டது.

அடைமொழிகளுக்கு வருவோம். ‘பேய் நகரம்’ என்று சொல்லாத படமே இல்லை. வாழத் தகுதியில்லாத இடம் என்று அரசு அறிவித்தது உண்மைதான். ஆனால் இன்றைக்கும் அங்கே மீனவக் குடும்பங்கள் இருக்கின்றன, வலை காய்கிறது, சங்கு, சோழி விற்கும் கடைகள் நடக்கின்றன. உங்கள் வகுப்புப் பையன் ஒருவனின் சித்தப்பாவே அங்கே குடிசை போட்டிருக்கலாம். ஆளில்லாத கோணத்தை ஏன் காமிரா தேடுகிறது என்று அவன் யோசிக்கட்டும். எனக்கு இந்தப் பேய்க் கதைப் படங்கள்மேல் பெரிய மரியாதை இல்லை. ஆனால் விசாரணைக்கு அவைதான் நல்ல தீனி. கவனமாக எடுத்த படத்தில் பிள்ளைகளுக்குப் பிடிபடும்படியான ஓட்டை கிடைக்காது.

பாம்பன் பாலத்தின் கதையில் வேறு மாதிரி ஓட்டை இருக்கும். 1914இல் திறந்த பாலம், 1964 புயலில் சிதைந்தது, ரயில்வே பொறியாளர் ஈ. ஸ்ரீதரன் தலைமையில் 46 நாளில் சீரமைத்தார்கள். ரயில்வே முதலில் போட்ட கெடு ஆறு மாதம். படங்கள் இதை ஒரு மனிதரின் சாதனையாகச் சொல்லும். அவருக்குரிய பெருமையைக் குறைக்கத் தேவையில்லை. ஆனாலும் கடலுக்குள் கிடந்த கர்டர்களை (பாலத்தின் இரும்பு உத்திரங்களை) தேடி, தூக்கி, மறுபடி தூணில் ஏற்றியவர்கள் யார்? அவர்கள் முகம் படத்தில் எத்தனை விநாடி வருகிறது? படத்தில் இருப்பதை மட்டுமல்ல, இல்லாததையும் குறித்துக்கொள்ளும் பழக்கம் இப்படித்தான் வரும். புதிய பாலம் 2025 ஏப்ரலில் திறந்தபோது உங்கள் மாணவர்கள் அதை டி.வி.யிலும் பார்த்திருப்பார்கள், கரையில் நின்றும் பார்த்திருப்பார்கள். இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று ஒரு பக்கம் எழுதச் சொல்லிப் பாருங்கள்.

அப்புறம், மறக்கக் கூடாத ஒன்று. தனுஷ்கோடிப் படத்தைப் போடுவதற்கு முந்தின நாளே, யார் வீட்டிலாவது அந்தப் புயலில் ஆள் போயிருக்கிறதா என்று விசாரித்துவிடுங்கள். அதற்குப் பிறகு கடலில் தகப்பனையோ அண்ணனையோ இழந்த பிள்ளையும் வகுப்பில் இருக்கலாம். அந்தப் பிள்ளைக்கு வெளியே இருக்க விருப்பம் என்றால் காரணம் கேட்காமல் அனுப்புங்கள்.

வீட்டுப்பாடமாக, 1964இல் சிறு பிள்ளையாக இருந்த தாத்தாவையோ அப்பத்தாவையோ கேட்டு வரச் சொல்லலாம். அப்போது பத்து வயது என்றால் இப்போது எழுபதைத் தாண்டியிருப்பார்கள், தள்ளிப்போடுவதற்கில்லை. சொன்னவர் அன்று இரவு எங்கே இருந்தார், கண்ணால் பார்த்தாரா, கேள்விப்பட்டதா என்பதையும் எழுதி வர வேண்டும். பெரியவர்கள் சொன்னதும் சாட்சியம்தான், அதற்கும் விசாரணை உண்டு. பல வருடம் டி.வி.யில் பார்த்தது சொந்த ஞாபகத்தோடு கலந்துபோவதும் நடக்கும்.

10ஆம் வகுப்புக்கு இதைவிட நேரடியாகப் பாடத்தோடு ஒட்டுவது கட்டபொம்மன். 1798 செப்டம்பர் 19 அன்று அவர் கலெக்டர் ஜாக்சனைச் சந்தித்தது உங்கள் ராமநாதபுரத்தில், இராமலிங்க விலாசம் அரண்மனையில். கட்டபொம்மன் என்றதும் நம் எல்லார் மனசிலும் வருவது 1959ஆம் ஆண்டுப் படத்தின் சிவாஜி கணேசன்தான். பின்னால் வந்த பல டி.வி. நிகழ்ச்சிகளின் நடிப்புக் காட்சிகளிலும் அந்தச் சாயல் இருக்கும். அப்படி ஒரு காட்சியைப் போட்டுவிட்டு, உடனே பாடப்புத்தகத்தைத் திறக்கச் சொல்லுங்கள். கட்டபொம்மன் மூன்று மணி நேரம் நிற்க வைக்கப்பட்டதாகப் புத்தகம் சொல்கிறது. கோட்டை வாசலில் நடந்த மோதலில் லெப்டினன்ட் கிளார்க் கொல்லப்பட்டதும், கட்டபொம்மனின் அமைச்சர் சிவசுப்பிரமணியனார் பிடிபட்டதும் இருக்கிறது. வீர வசனம் இல்லை. வசனம் எங்கிருந்து வந்தது, எந்த மொழியில் பேசியிருப்பார்கள், நடுவில் துபாஷி (மொழிபெயர்த்துச் சொல்பவர்) நின்றிருப்பாரா, அதை யார் எழுதி வைத்தார்கள்? பிறகு மதராஸ் அரசாங்கம் விசாரணைக் குழு போட்டு, ஜாக்சனைப் பதவியிலிருந்து எடுத்தது. எடுப்பான காட்சி இல்லாததால் டி.வி. பெரும்பாலும் தாண்டிப்போகிற இடம் இதுதான். பரீட்சையில் கேள்வி வருவதோ இந்த இடத்தில்.

முடிந்தால் அரண்மனைக்கு ஒரு நாள் கூட்டிப்போங்கள். சுவர் ஓவியங்களைப் பார்த்துவிட்டு வந்து மறுபடி அதே காட்சியைப் போட்டால், செட் எவ்வளவு பொருந்துகிறது என்று அவர்களே சொல்லிவிடுவார்கள்.

9ஆம் வகுப்பின் சங்க காலப் பாடத்துக்கு, உங்கள் மாவட்டத்திலேயே அகழாய்வு நடந்த அழகன்குளம் இருக்கிறது. ரோம நாணயங்கள், தமிழ்ப் பிராமி எழுத்துள்ள ஓடுகள், கப்பல் உருவம் கீறிய பானை ஓடு, எல்லாம் தொல்லியல் துறை தோண்டி எடுத்தவை. டி.வி.யில் அந்த ஒற்றை ஓட்டுக் கீறலிலிருந்து ஒரு கப்பற்படையே கிராபிக்ஸில் கிளம்பிவிடும். ஓட்டின் படத்தைப் பலகையில் நிறுத்தி வைத்துக்கொண்டு, எதுவரை ஓடு, எங்கிருந்து ஊகம் என்று பிரிக்கச் சொல்லுங்கள். தொண்டிப் பிள்ளைகள் வகுப்பில் இருந்தால் ஒரு எச்சரிக்கை: சங்கப் பாடல்களில் பெரிதாகப் பேசப்படும் தொண்டி சேர நாட்டு மேற்குக் கரையில் இருந்தது. படம் அதைச் சொன்னதும் “எங்க ஊர்” என்று கை தட்டுவார்கள். அவர்கள் ஊரும் பாண்டிய நாட்டின் பழைய துறைமுகம்தான் என்று சேர்த்துச் சொல்லிவிட்டால் யாருக்கும் வருத்தமில்லை.

ஷியாம் பெனகல் தூர்தர்ஷனுக்கு எடுத்த ‘பாரத் ஏக் கோஜ்’ தொடரில் சிலப்பதிகாரப் பகுதி இருக்கிறது, பி.பி.சி.யில் மைக்கேல் வுட்டின் இந்திய வரலாற்றுத் தொடரில் தமிழ்நாடு வருகிறது. இரண்டும் நல்லவை. ஒன்று இந்தி, மற்றது ஆங்கிலம் என்பதால் சப்டைட்டிலை நம்பாமல், சத்தத்தை நிறுத்திவிட்டு நீங்களே பேசுங்கள். கல்வித் தொலைக்காட்சியில் வருவது பெரும்பாலும் பாடம்தான். திருப்புதலுக்கு உதவும், இந்த வேலைக்கு ஆகாது.

கச்சத்தீவுப் படங்களைத் தொடக்கத்தில் தொடாதீர்கள். தீவை இலங்கைக்கு விட்டுக்கொடுத்த 1974 ஒப்பந்தத்தைப் பற்றி டி.வி. பேசுவதெல்லாம் அநேகமாகத் தேர்தல் நேரத்துப் பேச்சு. அப்பா இலங்கைச் சிறையில் இருந்துவிட்டு வந்த பிள்ளைக்கு அது வரலாறே அல்ல, வீட்டுச் சங்கதி. பிள்ளைகள் விசாரித்துப் பழகிய பிறகு, ஆண்டின் கடைசியில், வேறு வேறு காலத்தில் எடுத்த இரண்டு படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

ஹெச்.எம்.முக்குப் பதில் சொல்ல எளிய வழி பாடக்குறிப்புதான். ‘ஆவணப்படம் காட்டுதல்’ என்று எழுதாதீர்கள். எந்தப் பாடம், படத்தின் எந்த நிமிடத்திலிருந்து எந்த நிமிடம் வரை, மாணவர் எழுதப்போவது என்ன என்று எழுதுங்கள். அறிமுகத்துக்கு ஐந்து நிமிடம், இரண்டு தடவை ஓட்டப் பன்னிரண்டு நிமிடம், மீதி பேசவும் எழுதவும். மூன்று பகுதி மடித்த அந்த நோட்டுப் பக்கத்தை அவர் மேஜையில் வைத்தால் பேச்சு குறைந்துவிடும். மாதம் இரண்டு தடவைக்கு மேல் வேண்டாம்.

அனுமதி விஷயம்: பதிப்புரிமைச் சட்டம் 1957இன் 52ஆம் பிரிவில் கல்வி நிறுவனங்களுக்கு விலக்கு இருக்கிறது. பள்ளிச் செயல்பாட்டின் பகுதியாக, ஆசிரியர், மாணவர், பெற்றோர், பள்ளியோடு தொடர்புள்ளவர்கள் மட்டும் பார்க்கும்படி படம் காட்டலாம். ஊர்ப் பொதுமக்களைக் கூட்டித் திரை கட்டிக் காட்டினால் இந்த விலக்கு பொருந்தாது. வெட்டி எடுத்த துண்டை உங்கள் பெயரில் யூடியூபில் ஏற்றுவதும் கூடாது. இன்னொன்று, விலக்கு காட்டுவதற்குத்தான். யூடியூபிலிருந்து வேறு செயலிகளை வைத்து இறக்கிக்கொள்வது அவர்களின் விதிமுறைக்கு எதிரானது. செயலியே தருகிற ஆஃப்லைன் வசதியில் வீட்டிலேயே சேமித்து, போனிலிருந்து போர்டுக்கு இணைத்துக்கொள்ளுங்கள். காற்றடித்தால் நெட் போய்விடும் பகுதியில், படத்தின் நடுவில் வட்டம் சுற்றிக்கொண்டு நின்றால் அந்த பீரியட் போச்சு.