கதை படிக்கிற பிள்ளை படிப்பில் கெட்டுப்போகுமா?

ஒன்பதாவது படிக்கிற மகள் எந்நேரமும் போனில் தொடர்கதை படிக்கிறாள், பாடப்புத்தகத்தைத் தொடமாட்டேன் என்கிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள். கடைசியில் ஒரு வரி: "கதை படித்து உருப்பட்டவர் யாராவது உண்டா?" அந்த வரியைப் பார்த்த பிறகு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. உண்டு. நான் இருக்கிறேன்.

உங்கள் வீட்டில் எல்லாரும் படித்தவர்களாக இருக்கலாம். எங்கள் வீட்டில் நான்தான் முதல். குடியாத்தத்தில் அம்மா பீடி சுற்றினார். மத்தியானம் சாப்பாடு ஆனதும் எதிர்வீட்டு அக்கா, கோடி வீட்டு ஆயா, இன்னும் இரண்டு மூன்று பேர் முறத்தை எடுத்துக்கொண்டு எங்கள் திண்ணைக்கு வந்துவிடுவார்கள். ராத்திரி நனைத்து வைத்த இலையைத் தகடு வைத்து வெட்டி, புகையிலைத் தூள் போட்டு உருட்டி, நூல் சுற்றி, முனையை மடிப்பார்கள். 25 பீடி ஒரு கட்டு. 40 கட்டு சேர்ந்தால் ஆயிரம். கூலி ஆயிரத்துக்குத்தான். அதனால் கை நிற்கக் கூடாது, கண்ணும் முறத்தை விட்டுப் போகக் கூடாது. சும்மா இருப்பது காது ஒன்றுதான். அந்தக் காதுக்கு நான் படித்தேன்.

1987, நான் ஏழாவது. தெருமுனை டெய்லர் கடையில் வாரப் பத்திரிகை வாங்குவார்கள். வாரம் முடிந்ததும் பழசு எங்களுக்கு வரும். தொடர்கதைப் பக்கத்தை மட்டும் கிழித்து, பீடி நூலாலேயே தைத்து வைப்பேன். ஊசி போட்ட இடத்தில் தூள் ஒட்டிக்கொண்டு பக்கம் எல்லாம் அந்த வாசனைதான். வாய் விட்டுப் படிப்பது சாதாரண வேலை இல்லை. எங்கே நிறுத்த வேண்டும், யார் பேசுகிறார் என்று குரலில் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் ஆயா, "இன்னாடி, யார் சொன்னது அது? மறுக்கா படி" என்பார். அப்படித்தான் எனக்கு வாக்கியம் புரிந்தது. பள்ளிக்கூடத்தில் கற்றுக்கொடுத்ததை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அங்கே யாரும் "அப்புறம் இன்னா ஆச்சு?" என்று என்னைக் கேட்டதில்லை.

நூலகத்தில் மு.வ.வின் 'அகல் விளக்கு' எடுத்து வந்தேன். 1961இல் சாகித்திய அகாதெமி பரிசு வாங்கிய நாவல். அவர் வாலாஜா பக்கம் வேலத்துக்காரர், கதையிலும் வாலாஜா வருகிறது. அந்த ஊர்ப் பெயரைப் படித்ததும் அம்மாவின் கை அப்படியே நின்றது. அம்மாவின் பிறந்த வீடு அங்கேதான். "எங்க வாலாஜாவா? பொஸ்தகத்துலயா?" என்று இரண்டு தடவை கேட்டார். கூலி போனாலும் பரவாயில்லை என்று அவர் கை நின்றதை நான் பார்த்தது அந்த ஒரு முறைதான்.

பீடித் தொழிலை அழகாக்கி எழுதுகிறேன் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். அந்தத் தூளில்தான் அம்மாவுக்கு இருமல் வந்தது, கடைசி வரை போகவில்லை. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், கேள்விக்குச் சம்பந்தம் இல்லாவிட்டாலும். பீடித் தொழிலாளர் நல நிதிச் சட்டம் 1976லேயே வந்துவிட்டது. தொழிலாளியின் பிள்ளைக்குப் படிப்பு உதவித்தொகை உண்டு. ஆனால் அடையாள அட்டை வேண்டும். எங்களுக்கு இலை கொடுத்த ஏஜென்ட் மூன்று பெண்கள் சுற்றியதை ஒரே பெயரில் எழுதி வந்தார். அந்தப் பெயர் அம்மாவுடையது இல்லை. அட்டை இல்லை, பி.எஃப். இல்லை, எனக்கு உதவித்தொகையும் இல்லை. முப்பது வருஷம் சுற்றிய கைக்கு ஒரு காகிதம்கூடக் கிடையாது. இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது.

சரி, கேள்விக்கு வருகிறேன். இப்போது வேலூரில் பத்திர எழுத்தர் ஒருவரிடம் வேலை செய்கிறேன். கிரயப் பத்திரம் தயாரானதும், படிக்கத் தெரியாத ஆட்களுக்கு அதைப் படித்துக் காட்டுவது என் வேலை. செக்குபந்தி, அதாவது நாலு பக்கத்து எல்லை எது, எவ்வளவு பணம், வழி யாருக்கு என்று ஒவ்வொரு வரியும் புரிந்த பிறகுதான் ரேகை வைக்கச் சொல்வேன். போன மாசம் ஒரு பெரியவர், நான் படித்ததைக் கேட்டுவிட்டு, "கெணத்துல எனக்குப் பாதி பாத்தியம் உண்டே, அது எங்கம்மா?" என்றார். பார்த்தால் அந்த வரி விட்டுப்போயிருந்தது. மறுபடி டைப் அடித்தோம். சட்டம் நான் படித்ததில்லை. கேட்கிறவர் காதுக்குப் புரிகிற மாதிரி படிக்கத் தெரியும், அது திண்ணையில் வந்தது.

உங்கள் மகளுக்கு எந்தப் பாடத்தில் மார்க் குறைகிறது என்று நீங்கள் எழுதவில்லை. கணக்கு என்றால் கணக்கைச் சொல்லிக்கொடுங்கள், கதை மேல் பழி போடாதீர்கள். ராத்திரி ரெண்டு மணி வரை போன் பார்ப்பது வேறு விஷயம், அதை நிறுத்தத்தான் வேண்டும். ஆனால் சாயங்காலம் நீங்கள் சமையல் செய்யும்போது அவளைப் பக்கத்தில் உட்காரச் சொல்லி, அந்தக் கதையையே வாய் விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். முதல் நாள் மாட்டேன் என்பாள்.

ஒரு தடவை டெய்லர் கடையை ஆம்பூருக்கு மாற்றிவிட்டார்கள். தொடர்கதையின் கடைசி வாரம் எங்களுக்கு வரவில்லை. எல்லாரும் காத்திருந்தார்கள். நான் பழைய இதழ் ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு, முடிவை நானே சொல்லி, படிக்கிற மாதிரி படித்தேன். ஆயா கண்ணைத் துடைத்துக்கொண்டார். யாருக்கும் தெரியவில்லை என்றுதான் நினைத்தேன். என் கல்யாணத்துக்குப் பிறகு ஒருநாள் அம்மா சாதாரணமாகச் சொன்னார்: "அன்னிக்கி நீ பக்கமே திருப்பலயே."

ஏன் அப்போதே கேட்கவில்லை என்றேன்.

"நல்லா இருந்துச்சு, கேட்டுக்கினு இருந்தேன்."