மருத்துவக் கருவி வழியே வந்த நோய்த்தொற்று: அமெரிக்காவில் நஷ்டஈடு கேட்பது பற்றிக் கேள்வி பதில்

இதய ஆபரேஷனில் நோயாளியின் ரத்தச் சூட்டைத் தண்ணீரால் கட்டுப்படுத்தும் ஹீட்டர்-கூலர் பெட்டி, பித்தநாளச் சிகிச்சைக்கு வாய் வழியே விடும் குழாய்க் கேமராவான டியோடெனோஸ்கோப் இரண்டையும் பற்றித்தான் அதிகக் கேள்விகள் வந்திருக்கின்றன. பதில்கள் அமெரிக்கச் சட்டத்தை ஒட்டியவை. மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறும்.

கேள்வி: அப்பாவுக்கு வால்வு மாற்றி மூன்று வருஷம் ஆகிறது. இப்போது மைக்கோபாக்டீரியம் கைமீரா தொற்று என்கிறார்கள். ஹீட்டர்-கூலர் தண்ணீர் ரத்தத்தைத் தொடவே தொடாது என்று ஆஸ்பத்திரியில் சொல்கிறார்கள். பிறகு எப்படி வந்திருக்கும்?

தண்ணீர் தொடாது என்பது சரிதான். காற்று தொடுகிறதே! பெட்டிக்குள் இருக்கும் தொட்டியில் கிருமி வளர்கிறது. தண்ணீர் கலங்கும்போது நுண்துளிகள் எழும்புகின்றன. பெட்டியின் விசிறி அவற்றை வெளியே தள்ள, திறந்திருக்கும் மார்பிலும் புதிதாக வைக்கும் வால்விலும் அவை போய்ப் படிகின்றன. மருந்துகளையும் மருத்துவக் கருவிகளையும் கட்டுப்படுத்தும் அமெரிக்க அமைப்பான எஃப்.டி.ஏ. 2015 அக்டோபரில் இதுபற்றி எச்சரித்தது. 2016 அக்டோபரில் அமெரிக்க நோய்த்தடுப்பு மையமான சி.டி.சி. ஆஸ்பத்திரிகளையும் நோயாளிகளையும் உஷார்ப்படுத்தியது. ஸ்டாக்கர்ட் 3டி (3T) என்ற ஹீட்டர்-கூலர் மாடலில், வெவ்வேறு நாட்டு நோயாளிகளிடம் கிடைத்த கிருமிகளின் மரபணு வரிசை ஒன்றுக்கொன்று மிக நெருக்கமாக இருந்தது. ஜெர்மனியில் உள்ள தொழிற்சாலையிலேயே அசுத்தம் சேர்ந்திருக்க வேண்டும் என்ற முடிவுக்கு ஆய்வாளர்கள் வந்தது அதை வைத்துத்தான்.

மூன்று வருஷ இடைவெளியால் மட்டும், தொற்று ஆபரேஷனில் வந்தது என்ற வாதம் பலவீனமாகாது. இது மிக மெதுவாக வளரும் கிருமி. சாதாரண ரத்தக் கல்ச்சரில் (கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனையில்) தெரியாது. மைக்கோபாக்டீரியாவுக்கான தனிக் கல்ச்சர் வைத்து வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். விட்டுவிட்டு வரும் காய்ச்சல், இரவு வியர்வை, எடை குறைவு இவற்றை சார்காய்டோசிஸ் என்ற அழற்சி நோய் என்று நினைத்து ஸ்டீராய்டு கொடுத்த சம்பவங்களும் உண்டு.

கேள்வி: வக்கீலைப் பார்ப்பதற்கு முன் நாங்கள் செய்ய வேண்டியது என்ன?

ஆஸ்பத்திரிக்கும் அதன் லேபுக்கும் இன்றைக்கே தனித்தனியாக ஒரு கடிதம், பதிவுத் தபாலில். இந்த வகை வழக்குகள் தோற்பது பெரும்பாலும் சட்டத்தால் அல்ல, சான்று குப்பைக்குப் போய்விடுவதால்.

முதலில் கல்ச்சரில் வளர்த்த கிருமியைக் கேளுங்கள். ரிப்போர்ட் காகிதம் பத்தாது, கிருமியே வேண்டும். கருவியில் எடுத்த கிருமியோடு மரபணு ஒப்பீடு செய்ய அது ஒன்றுதான் வழி. லேபுகள் அதைச் சில நாட்களிலோ வாரங்களிலோ அழித்துவிடும். "இந்தத் தேதியில் எடுத்த இந்த எண்ணுள்ள மாதிரியில் வளர்ந்த கிருமியை உறைநிலையில் பாதுகாக்கவும், அழிக்க வேண்டாம்" என்று மாதிரி எண்ணோடு எழுதுங்கள். மறு ஆபரேஷனில் எடுத்த வால்வு, திசு எதுவானாலும் இதே கதிதான். அமெரிக்க நோய்க்குறியியல் நிபுணர்கள் அமைப்பின் வழிகாட்டுதலில் திசுவைப் பதித்து வைக்கும் மெழுகுக் கட்டிகளைப் பத்து வருஷம் வைக்க வேண்டும். ஆனால் மெழுகில் பதிக்காத ஈரத்திசுவுக்கு, இறுதி ரிப்போர்ட் வந்த பிறகு இரண்டே வாரம்தான்.

அடுத்து கருவி. பெர்ஃப்யூஷன் பதிவில் (ஆபரேஷனில் இதய-நுரையீரல் இயந்திரம் இயங்கிய பதிவு) ஹீட்டர்-கூலரின் சீரியல் எண் இருக்கிறதா பாருங்கள். பல இடங்களில் இருக்காது. அப்போது அந்த நாள் அந்தத் தியேட்டரில் எந்த இயந்திரம் இருந்தது, தண்ணீர் எப்போது மாற்றினார்கள், கிருமிநாசினி எப்போது போட்டார்கள் என்ற பராமரிப்புப் பதிவைக் கேளுங்கள். ஸ்கோப் என்றால் அதன் எண், கழுவிய இயந்திரத்தின் பதிவு, உங்களுக்கு முன் அதே ஸ்கோப் யாருக்குப் பயன்பட்டது என்ற வரிசை. மற்றவர் பெயர் தரமாட்டார்கள். பின்னால் கோர்ட் வழியாகப் பெயரை மறைத்துப் பெறலாம், அதுவரை அழிக்காமல் வைத்திருந்தால் போதும்.

மருத்துவப் பதிவுகளை, நோயாளி தகவல் பற்றிய ஹிப்பா சட்டப்படி 30 நாளில் தர வேண்டும். தாமதத்துக்கு எழுத்தில் காரணம் சொல்லி இன்னொரு 30 நாள் எடுக்கலாம். அப்பா கையெழுத்துப் போட வேண்டும், மகன் என்பதால் மட்டும் உங்களுக்குத் தர மாட்டார்கள்.

கேள்வி: டியோடெனோஸ்கோப் வழியே பித்தநாளத்துக்கு ஈ.ஆர்.சி.பி. சிகிச்சை செய்த பிறகு, மருந்துக்கு அடங்காத சி.ஆர்.ஈ. என்ற குடல் பாக்டீரியா தொற்று. தயாரிப்பாளர் சொன்ன முறைப்படியே ஸ்கோப்பைக் கழுவினோம் என்கிறது ஆஸ்பத்திரி. யார் மேல் வழக்கு?

இருவர் மேலும். ஆஸ்பத்திரி சொல்வது உண்மையானால் அது தயாரிப்பாளருக்கு எதிரான சாட்சி. டியோடெனோஸ்கோப்பின் நுனியில் கருவிகளைத் தூக்கிக் கொடுக்கும் சிறிய எலிவேட்டர் இருக்கிறது. அதன் அடியிலும் இடுக்கிலும் சளியும் திசுவும் ஒட்டிக்கொண்டால் பிரஷ் எட்டாது. சொன்னபடி கழுவியும் கிருமி தங்குகிறது என்றால் அது வடிவமைப்புக் குறை, எச்சரிக்கைக் குறை. சொன்னபடி கழுவவில்லை என்றால் ஆஸ்பத்திரியின் அலட்சியம். ஒருவரை மட்டும் இழுத்தால், ஆஜராகாத மற்றவர் மேல் பழியைப் போட்டுவிடுவார்கள்.

சியாட்டிலில் 2017ல் வந்த ஜூரி தீர்ப்பு நல்ல உதாரணம். டியோடெனோஸ்கோப் தயாரித்த ஒலிம்பஸ் நிறுவனம் போதிய எச்சரிக்கை தரவில்லை என்று சொல்லி, வர்ஜீனியா மேசன் ஆஸ்பத்திரிக்கு 66 லட்சம் டாலர் தரச் சொன்னது. ஸ்கோப் தொற்றுக்குப் பின் இறந்த நோயாளியின் குடும்பத்துக்கு 10 லட்சம் டாலர் தரவேண்டிய பொறுப்பை ஆஸ்பத்திரியின் மேல் வைத்தது. அடுத்த வருஷம், தொற்றுகள் பற்றிய அறிக்கைகளை எஃப்.டி.ஏ.வுக்கு உரியபடி தரவில்லை என்ற குற்றத்தை ஒலிம்பஸ் ஒப்புக்கொண்டு 8.5 கோடி டாலர் கட்டியது.

எதிர்த்தரப்பு கட்டாயம் கேட்பது: "இந்தக் கிருமி உங்கள் குடலில் முன்பே இருந்ததில்லை என்பதற்கு என்ன ஆதாரம்?" ஈ.ஆர்.சி.பி.க்கு முன் எடுத்த மலவாய் ஸ்வாப், பழைய கல்ச்சர் எதுவானாலும் தேடி எடுங்கள்.

கேள்வி: எஃப்.டி.ஏ. அனுமதித்த கருவி மேல் வழக்கே போட முடியாதாமே?

எந்த வழியில் அனுமதி வாங்கியது என்பதைப் பொறுத்தது. முழுமையான முன் ஒப்புதல் பெற்ற கருவியானால், அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் 2008ன் ரீகல் தீர்ப்பு மாநிலச் சட்ட வழக்குகளில் பெரும்பாலானவற்றை அடைத்துவிட்டது. பழைய கருவியை ஒத்தது என்று காட்டி 510(கே) வழியில் வந்த கருவிக்கு அந்தக் கவசம் கிடைப்பதில்லை. அதே நீதிமன்றத்தின் 1996ன் லோர் தீர்ப்பு அதைச் சொல்கிறது. ஹீட்டர்-கூலரும் டியோடெனோஸ்கோப்பும் 510(கே) வழியில் வந்தவையே. எஃப்.டி.ஏ. இணையத்தில் மாடல் பெயரைப் போட்டால் எந்த வழி என்று தெரிந்துவிடும். அங்கேயே மாட் தரவுத்தளத்தில் அதே மாடல் பற்றிய பழைய புகார்களும் இருக்கும்.

கேள்வி: காலவரம்பு எவ்வளவு?

பெரும்பாலும் 2 அல்லது 3 வருஷம், சில மாநிலங்களில் 1. பல மாநிலங்களில் தொற்றும் அதன் காரணமும் தெரிந்த, அல்லது தெரிந்திருக்க வேண்டிய நாளிலிருந்து எண்ணுவார்கள். ஆஸ்பத்திரி அனுப்பிய எச்சரிக்கைக் கடிதத்தின் தேதியே அந்த நாளாகிவிடலாம், உறையைக்கூட வைத்திருங்கள். ஆனால் சில மாநிலங்களில் எப்போது தெரிந்தாலும் ஆபரேஷன் தேதியிலிருந்து எண்ணும் இறுதி வரம்பு ஒன்று தனியாக உண்டு. கைமீரா வழக்குகளில் ஆளைக் கவிழ்ப்பது இதுதான். ஆஸ்பத்திரிக்கு ஒரு கணக்கு, தயாரிப்பாளருக்கு வேறு கணக்கு, மரணம் நேர்ந்தால் மூன்றாவது கணக்கு. மூன்றையும் வக்கீலிடம் எழுத்தில் வாங்குங்கள்.

கேள்வி: முன்னாள் ராணுவ வீரர்களுக்கான அரசின் வி.ஏ. ஆஸ்பத்திரியில் ஸ்கோப் சரியாகக் கழுவவில்லை என்று கடிதம் வந்தது. பரிசோதனையில் ஒன்றும் இல்லை. வழக்கு உண்டா?

தொற்று இல்லாமல் பயத்துக்கு மட்டும் நஷ்டஈடு கிடைப்பது கஷ்டம். கிருமி உண்மையாகவே உங்கள் உடலுக்குள் வந்தது என்று காட்டச் சொல்லும் மாநிலங்கள் பல. 2009ல் வி.ஏ. பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு இப்படிக் கடிதம் அனுப்பியது. கடிதத்தில் சொன்ன மறுபரிசோதனையை விட்டுவிடாதீர்கள்.

பின்னால் தொற்று தெரிந்தால், நேரே கோர்ட்டுக்குப் போக முடியாது. அரசு ஆஸ்பத்திரி என்பதால், நஷ்டஈடு கேட்கும் எஸ்.எஃப்.-95 படிவத்தை முதலில் 2 வருஷத்துக்குள் கொடுக்க வேண்டும். கேட்கும் தொகையை எண்ணாகவே எழுதுங்கள். "பின்னர் தெரிவிக்கப்படும்" என்று எழுதினால் படிவம் செல்லாது. மறுத்துக் கடிதம் வந்தால் 6 மாதத்துக்குள் வழக்குப் போட வேண்டும். ஜூரி கிடையாது. வக்கீல் கட்டணம் கோர்ட்டுக்குப் போகாமல் முடிந்தால் 20 சதவீதத்தையும், போனால் 25 சதவீதத்தையும் தாண்டக் கூடாது.

கேள்வி: கிடைக்கும் பணத்தில் கையில் எவ்வளவு மிஞ்சும்?

தனியார் மேல் போடும் வழக்கில் வக்கீல் பங்கு பொதுவாக 33 முதல் 40 சதவீதம். நிபுணர் சாட்சி, மரபணு ஒப்பீடு போன்ற செலவு தனி. அந்தச் செலவைக் கழித்த பிறகு வக்கீல் பங்கா, முன்பா என்று ஒப்பந்தத்தில் பாருங்கள், வித்தியாசம் பெரிது. சிகிச்சைக்கு மெடிகேர் (முக்கியமாக முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடு) பணம் கட்டியிருந்தால் அதைத் திருப்பித் தந்தாக வேண்டும். சமரசத்தில் கையெழுத்திடும் முன்பே மெடிகேர் கேட்கும் தொகையின் பட்டியலை வாங்கி, தொற்றுக்குச் சம்பந்தமில்லாத பில்களை நீக்கச் சொல்லி எழுதுங்கள்.