இரண்டு நாவல்களோடு நின்றவர்

கேள்வி: ப. சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’யை அண்மையில் வாசித்து முடித்தேன். இப்படியொரு நாவலை எழுதியவர் இரண்டே நாவல்களோடு நிறுத்திக்கொண்டது ஏன்? நாளிதழ் வேலை அவருடைய எழுத்தை விழுங்கிவிட்டதா?
(காரைக்குடி வாசகர்)

பதில்: நாளிதழ் வேலையின் மீது பழியைப் போடுவது எளிது. ஆனால் அவருடைய வாழ்க்கையின் ஆண்டுக்கணக்கு வேறு காரணத்தைக் காட்டுகிறது.

1920-இல் சிங்கம்புணரியில் பிறந்த சிங்காரம், 1938-இல் சுமத்ரா தீவின் மேடான் நகரில் ஒரு வட்டிக்கடைக்கு வேலைக்குப் போனார். செட்டிநாட்டுப் பக்கத்து இளைஞர்களுக்கு அன்று அது பழகிய பாதைதான். பெட்டியடிப் பையனாக, அதாவது கடையின் எடுபிடியாகச் சேர்ந்து, கணக்குப் பழகி, மேலாளுக்கு அடுத்த பொறுப்பான அடுத்தாளாகி, வேலைத் தவணையின் கணக்குத் தீர்ந்ததும் கையில் கொஞ்சம் பணத்தோடு ஊர் திரும்புவார்கள். சிங்காரம் அந்தப் பாதையில் நிலைக்கவில்லை. இடையில் ஊருக்கு வந்து மீண்டும் கப்பலேறியவர், மேடானில் மராமத்துத் துறையில் வேலை பார்த்தார். போர்க்காலத்தில் நண்பர்களோடு சேர்ந்து வணிகமும் செய்தார். 1942 மார்ச்சில் ஜப்பானியப் படை வடக்குச் சுமத்ராவில் இறங்கியதையும், 1945-இல் அது சரணடைந்த பிறகு இந்தோனேசியர்கள் டச்சுக்காரர்களுக்கு எதிராக ஆயுதம் ஏந்தியதையும் அந்த மண்ணில் வாழ்ந்தவராகவே அறிந்தார். மனைவியையும் குழந்தையையும் பிரசவத்தில் பறிகொடுத்ததும் அங்கேதான். அதன் பிறகு அவர் மறுமணம் செய்துகொள்ளவில்லை.

1946-இல் ஊர் திரும்பி, மறு ஆண்டு மதுரை ‘தினத்தந்தி’யில் சேர்ந்தார், 1987 வரை அங்கேயே இருந்தார். குடியிருப்பு ஒய்.எம்.சி.ஏ. விடுதியில் ஓர் அறை. அந்த வேலையில் இருந்துகொண்டேதான் அவர் இரண்டு நாவல்களையும் எழுதி முடித்தார் என்பதை மறந்துவிடக் கூடாது. 1950-இல் எழுதிய ‘கடலுக்கு அப்பால்’, ‘கலைமகள்’ இதழின் போட்டியில் பரிசு பெற்று, 1959-இல்தான் நூலானது. 1962-இல் எழுதிய ‘புயலிலே ஒரு தோணி’ அச்சேறியது 1972-இல். ஒவ்வொரு கையெழுத்துப் பிரதியும் நூலாவதற்குப் பத்தாண்டு காத்திருந்தால், மூன்றாவதை எழுத உட்காரும் மனம் எவருக்கு வரும்? வெளிவந்த பிறகும் பெரிய வரவேற்பு இல்லை. கோவை ஞானி, சி. மோகன் போன்ற விமர்சகர்கள் எடுத்துச் சொன்ன பிறகே சிற்றிதழ் வாசகர்கள் அவரைத் தேடிப் படித்தார்கள். அதற்குள் அவர் முதுமையை எட்டியிருந்தார். 1997 டிசம்பரில் காலமானார். தினத்தந்தி அவருக்குச் சோறு போட்டது. அவரைக் கைவிட்டது நம் பதிப்புலகமும் வாசகர்களாகிய நாமும்தான் என்பது என் கருத்து.

இன்னொன்றும் உண்டு. மதுரை விடுதி அறையில் இருந்துகொண்டு மேடானையும் பினாங்கையும் எழுதியவர், ‘புயலிலே ஒரு தோணி’யின் நாயகன் பாண்டியனை மேடானில் நிறுத்தி மதுரை வீதிகளையும் சின்னமங்கலத்துச் சந்தையையும் நினைத்து ஏங்க வைக்கிறார். இரண்டு ஊருக்கும் நடுவில் கிடந்து தவிக்கும் அந்த மனம்தான் அவருடைய கதைப்பொருள். மூன்றாவது நாவல் வந்திருந்தாலும் அது இதே கடலைத்தான் கடந்திருக்கும் என்று நினைக்கிறேன். இது ஊகம்தான்.

கேள்வி: இரண்டில் எதை முதலில் வாசிக்கலாம்?
(திண்டுக்கல் வாசகி)

பதில்: ‘கடலுக்கு அப்பால்’. சிறியது, நேராகச் செல்லும் கதை. நேதாஜியின் படையில் இருந்து திரும்பிய செல்லையாவுக்குத் தம் மகள் மரகதத்தைக் கொடுக்க வட்டிக்கடை முதலாளி மறுக்கிறார். துப்பாக்கி பிடித்த கை பெட்டியடிக்கு உதவாது என்பது அவர் கணக்கு. அவரைக் கொடுமைக்காரராக்காமல், தொழிலின் நியாயம் பேசும் மனிதராகவே காட்டியிருப்பதில் சிங்காரத்தின் கை தெரிகிறது. இந்தக் கடைகளின் பேச்சும் முறையும் பழகிவிட்டால், ‘புயலிலே ஒரு தோணி’யின் தாவித் தாவிச் செல்லும் நினைவோட்டமும், தமிழ்ப் பெருமைகளைப் போதையில் கேலி செய்யும் நண்பர்களின் நீண்ட உரையாடல்களும் மிரட்டாது. செல்லையாவின் நண்பன் மாணிக்கத்தை அதிலும் சந்திப்பீர்கள்.