ஸ்டிக் ரிமோட் மக்கர் செய்கிறதா? புதிது வாங்கும் முன் இதைப் பாருங்கள்

ஸ்டிக் ரிமோட் பற்றி, அதாவது ஆன்லைன் படம் பார்க்க டிவியில் மாட்டும் ஃபயர் டிவி, குரோம்காஸ்ட் மாதிரியான குட்டிக் கருவியின் ரிமோட் பற்றி, வந்த கேள்விகளை மொத்தமாக எடுத்து வைத்துப் பார்த்தேன். ரிமோட் செத்துவிட்டது என்று முடிவு கட்டிவிட்டு, எந்த ரிமோட் வாங்கலாம் என்றுதான் பலரும் கேட்கிறீர்கள். கொஞ்சம் பொறுங்கள். கோளாறு ரிமோட்டிலா, பேட்டரியிலா, ஸ்டிக்கிலா என்று முதலில் பிரித்துப் பார்த்துவிடுவோம், வாங்குவது கடைசி வேலை.

கேள்வி: வால்யூம் ஏறுகிறது, டிவியும் ஆன் ஆகிறது. ஆனால் அம்புக்குறி, ஹோம், பேக் எதை அழுத்தினாலும் ஒன்றும் நடக்கவில்லை. ரிமோட் பாதி மட்டும் எப்படிக் கெட்டுப்போகும்?

கெட்டுப்போகவில்லை. பார்க்க ஒரே ரிமோட்தான், ஆனால் அது இரண்டு வழிகளில் பேசுகிறது. வால்யூமும் பவரும் அகச்சிவப்பு ஒளியாக நேரே டிவிக்குப் போகின்றன. அதற்கு இணைப்பு எதுவும் வேண்டாம், நடுவில் மறைக்காமல் இருந்தால் போதும். மற்ற பட்டன்கள் பெரும்பாலும் ப்ளூடூத் வழியாக ஸ்டிக்குக்குப் போகின்றன, அதற்கு ரிமோட்டும் ஸ்டிக்கும் ஒன்றையொன்று அடையாளம் தெரிந்து வைத்திருக்க வேண்டும். உங்களுக்கு அறுந்திருப்பது இந்த இரண்டாவது வழி மட்டும்தான், அதனால் மறுபடி பேர் செய்தால், அதாவது இரண்டையும் திரும்ப இணைத்துவிட்டால், பெரும்பாலும் சரியாகிவிடும்.

ஸ்டிக்கின் மின் இணைப்பைப் பிடுங்கி, ஒரு நிமிடம் விட்டு மறுபடி செருகுங்கள். முகப்புத் திரை முழுதாக வரும்வரை எதையும் தொடாதீர்கள். லோகோ ஓடிக்கொண்டிருக்கும்போதே பட்டனை அழுத்திவிட்டு வேலை செய்யவில்லை என்று சொல்பவர்கள் நிறையப் பேர். ஃபயர் டிவி என்றால் ஹோம் பட்டனை 10 விநாடி அழுத்திப் பிடியுங்கள், ரிமோட்டின் விளக்கு ஆரஞ்சு நிறத்தில் மின்னத் தொடங்கும். கூகுள் டிவியோடு வரும் குரோம்காஸ்டில் ஹோமையும் பேக்கையும் சேர்த்து, விளக்கு மின்னும்வரை. ஆப்பிள் டிவியில் ரிமோட்டைப் பெட்டிக்குப் பக்கத்தில் கொண்டுபோய், பேக்கையும் வால்யூம் கூட்டும் பட்டனையும் சேர்த்துச் சில விநாடிகள். ரோக்கு என்ற பிராண்டின் வாய்ஸ் ரிமோட்டுகள் பலவற்றில் பேட்டரி மூடியைத் திறந்தால் உள்ளேயே ஒரு குட்டி பட்டன் இருக்கும், அதைப் பிடிக்க வேண்டும். ரோக்குவின் வாய்ஸ் இல்லாத சாதாரண ரிமோட்டோ முழுக்க அகச்சிவப்பு. அதில் பேர் செய்ய எதுவுமே இல்லை, பெட்டியை நோக்கி நீட்டினால் போதும்.

கேள்வி: எனக்கு நேர்மாறு. மெனு எல்லாம் ஓடுகிறது, வால்யூம் மட்டும் இல்லை.

அப்படியானால் உங்கள் ப்ளூடூத் நன்றாக இருக்கிறது, அகச்சிவப்பைப் பாருங்கள். ஃபோனில் செல்ஃபி கேமராவைத் திறந்து, ரிமோட்டின் முனையை அதன் முன் பிடித்து வால்யூமை அழுத்துங்கள். கண்ணுக்குத் தெரியாத அந்த ஒளி கேமராவில் வெளிறிய ஊதாப் புள்ளியாகத் துடிக்கும். பின்பக்கக் கேமராக்கள் பலவற்றில் அகச்சிவப்பை வடிகட்டிவிடுவார்கள், அதனால்தான் செல்ஃபி கேமராவைச் சொல்கிறேன். துடித்தால் ரிமோட் சரி. ஸ்டிக்கின் செட்டிங்ஸில் டிவியின் பிராண்டைத் திரும்பத் தேர்ந்தெடுங்கள் (ஃபயர் டிவியில் எக்விப்மென்ட் கண்ட்ரோல் என்ற பகுதி, கூகுள் டிவியில் ரிமோட்ஸ் அண்ட் ஆக்சசரீஸ்). டிவிக்கு முன்னால் சவுண்ட்பார் வைத்து சென்சாரை மறைத்திருக்கிறீர்களா என்றும் ஒரு தடவை குனிந்து பாருங்கள்.

கேள்வி: புது பேட்டரி போட்டேன், அப்போதும் அப்படியே இருக்கிறது. இனி என்ன?

எந்த பேட்டரி என்று சொல்லவில்லையே. சார்ஜ் ஏற்றும் நிக்கல் பேட்டரி 1.2 வோல்ட்தான், சாதாரண ஆல்கலைன் 1.5 வோல்ட். இரண்டு போட்டால் 0.6 வோல்ட் குறைகிறது. பல ரிமோட்டுகள் அதைச் சமாளித்துவிடும், சில சமாளிக்காது. ஒரு பழையது ஒரு புதியது என்று கலந்து போடுவதும் வேண்டாம்.

என் வீட்டு ரிமோட் ஒன்று விசித்திரமாகப் படுத்தியது. எல்லா பட்டனும் வேலை செய்யும், மைக் பட்டனை அழுத்திப் பேசினால் மட்டும் அப்படியே அணைந்துவிடும். மைக்தான் போச்சு என்று இரண்டு நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். அப்புறம் பேட்டரியை வெளியே எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தால், சுருள் கம்பியின் அடி வளையத்தில் கடுகளவுக்கு வெள்ளையும் பச்சையுமாகப் பொருக்கு. பேட்டரி கசிந்து காய்ந்திருக்கிறது. சும்மா அம்புக்குறியை அழுத்தும்போது இழுக்கும் மின்சாரம் மிகக் குறைவு, அது அந்தப் பொருக்கைத் தாண்டி வந்துவிடும். குரலை அனுப்பும்போது கூடுதலாக இழுக்கும், அங்கே வோல்ட் சரிந்து ரிமோட் படுத்துவிடும். காது குடையும் பஞ்சுக் குச்சியில் ஒரு சொட்டு வினிகர் தொட்டுத் தேய்த்தேன், பொருக்கு லேசாக நுரைத்துக் கரைந்தது, பிறகு ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் துடைத்து நன்றாகக் காயவிட்டேன். இன்று வரை ஓடுகிறது. ஆல்கலைனிலிருந்து கசிவது காரம், அதனால்தான் வினிகரோ எலுமிச்சைச் சாறோ. வெறும் விரலால் சுரண்டாதீர்கள், தோலை எரிக்கும்.

பொருக்கு எதுவும் இல்லையென்றால், பேட்டரியைக் கழற்றாமல் கட்டைவிரலால் இடத்திலேயே நாலைந்து தடவை உருட்டிவிடுங்கள். முனையில் படிந்த மெல்லிய அழுக்கு தேய்ந்து போகும்.

கேள்வி: ரிமோட் தொலைந்துவிட்டது. ஃபோனில் ரிமோட் ஆப் இருக்கிறது, ஆனால் இடையில் ரௌட்டரை மாற்றிவிட்டோம். ஸ்டிக் புது வைஃபையில் இல்லாததால் ஆப் அதைக் கண்டுபிடிக்கவில்லை. வைஃபையை மாற்ற ரிமோட் வேண்டும்!

இதில் மாட்டிக்கொண்டு தவிப்பவர்களைப் பார்த்தால் உண்மையிலேயே பாவமாக இருக்கிறது. வழி இருக்கிறது.

முதலில் டிவியின் சொந்த ரிமோட்டை எடுத்துப் பாருங்கள். எச்டிஎம்ஐ கேபிள் வழியாகவே கட்டளைகளைக் கடத்தும் சிஇசி என்ற வசதி பெரும்பாலான டிவிகளில் உண்டு. சாம்சங்கில் எனிநெட் பிளஸ், எல்ஜியில் சிம்ப்லிங்க், சோனியில் பிராவியா சிங்க் என்று ஆளுக்கொரு பெயர். டிவி செட்டிங்ஸில் அதை ஆன் செய்தால், டிவி ரிமோட்டின் அம்புக்குறியே ஸ்டிக்கின் மெனுவை நகர்த்தும். நகர்ந்தால் அதிலேயே புது வைஃபையைப் போட்டுவிடலாம், பிரச்சினை முடிந்தது.

நகரவில்லையா? இரண்டு ஃபோன் வேண்டும். ஒன்றில் ஹாட்ஸ்பாட் ஆன் செய்து, அதற்குப் பழைய வைஃபையின் பெயரையும் பாஸ்வேர்டையும் அப்படியே வையுங்கள். எழுத்துக்கு எழுத்து, பெரிய எழுத்து சின்ன எழுத்து, இடைவெளி எல்லாம் அதே மாதிரி. ஹாட்ஸ்பாட்டை 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் வைப்பது நல்லது, பழைய ஸ்டிக்குகள் சிலவற்றுக்கு அது மட்டும்தான் பிடிக்கும். இப்போது ஸ்டிக்கைப் பிடுங்கிச் செருகினால் அது பழைய வீடு என்று நம்பித் தானாக வந்து ஒட்டிக்கொள்ளும். இரண்டாவது ஃபோனையும் அதே ஹாட்ஸ்பாட்டில் சேர்த்து ஆப்பைத் திறந்தால் ஸ்டிக் தெரியும். அங்கிருந்து செட்டிங்ஸுக்குப் போய் ஸ்டிக்கைப் புது வைஃபைக்கு மாற்றுங்கள். மாற்றிய நொடியில் ஆப் துண்டிக்கும், பதறாதீர்கள், ஃபோனையும் புது வைஃபைக்கு மாற்றினால் மறுபடி வந்துவிடும்.

கேள்வி: இணைப்பு ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை போகிறது. மறுபடி பேர் செய்து அலுத்துவிட்டது.

அப்படியானால் பேரிங் பிரச்சினை இல்லை, ஸ்டிக் இருக்கும் இடமோ அதற்கு வரும் மின்சாரமோதான். ஸ்டிக்குக்கு டிவியின் யூஎஸ்பி துளையிலிருந்து மின்சாரம் கொடுக்கிறீர்களா? பல டிவிகளில் அந்தத் துளை 0.5 ஆம்பியர்தான் தரும், சில ஸ்டிக்குகளுக்கு அது பற்றாது. அதனுடன் வந்த அடாப்டரைச் சுவரில் செருகிப் பாருங்கள். அடுத்தது இடம். ப்ளூடூத்தும் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையும் ஒரே அலைவரிசையில் நெருக்கியடித்துக்கொண்டு ஓடுகின்றன, ஸ்டிக் டிவியின் முதுகில் ஒட்டிக்கொண்டிருந்தால் அலை இன்னும் பலவீனமாகிவிடும். பெட்டியோடு வந்த குட்டி எச்டிஎம்ஐ நீட்டிப்புக் கேபிளைத் தூக்கிப் போட்டிருப்பீர்கள். தேடி எடுத்து மாட்டுங்கள், அந்த ஒரு சாண் தூரமே பெரிய வித்தியாசம். டிவியின் பின்னால் யூஎஸ்பி 3.0 ஹார்டு டிஸ்க் தொங்கினால் அதையும் விலக்குங்கள், அதன் இரைச்சல் இதே 2.4 கிகாஹெர்ட்ஸைக் கெடுக்கும். முடிந்தால் ஸ்டிக்கை 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபைக்கு மாற்றிவிடுங்கள்.

கேள்வி: ஒரே ஸ்டிக்குக்கு இரண்டு ரிமோட் வைக்கலாமா? இரண்டு ஸ்டிக்குக்கு ஒரு ரிமோட்?

முதலாவது முடியும், ஃபயர் டிவி ஏழு ரிமோட் வரை ஏற்கும். இரண்டாவது சரிப்படாது: வேறு ஸ்டிக்கோடு பேர் செய்தால் பழையது விட்டுப்போகும்.

கேள்வி: யாரும் தொடாமலே மெனு கீழே கீழே ஓடிக்கொண்டே இருக்கிறது. பேய் பிடித்த மாதிரி இருக்கிறது.

ரிமோட்டின் பேட்டரியை எடுத்துவிட்டுத் திரையைப் பாருங்கள். ஓட்டம் நின்றால் அந்த ரிமோட்டில் ஒரு பட்டன் அழுந்தியே இருக்கிறது. ஜூஸோ டீயோ சிந்தியிருக்கும், பட்டன் விளிம்பைச் சுற்றி ஆல்கஹால் தொட்ட குச்சியால் துடைத்து, பட்டனைப் பத்துப் பதினைந்து தடவை அழுத்திவிடுங்கள். பேட்டரி எடுத்தும் ஓடுகிறதா? அப்போது இந்த ரிமோட் நிரபராதி. டிவி ரிமோட்டின் பேட்டரியையும் எடுத்துப் பாருங்கள், சிஇசி வழியாக அதன் அழுந்திய பட்டனும் இதைச் செய்யும். அதற்கும் நிற்கவில்லையென்றால் சோபா மெத்தையைத் தூக்குங்கள். முன்பு எப்போதோ பேர் செய்து தொலைந்துபோன இரண்டாவது ரிமோட் அங்கே, மெத்தைக்கும் மரச்சட்டத்துக்கும் நடுவில் நசுங்கியபடி கிடக்கலாம்.