நீர் வடிகட்டியை மதிப்பிடக் கற்பித்தல்: டர்பன் ஆசிரியர்களின் கேள்விகளும் பதில்களும்

கேள்வி (சாட்ஸ்வர்த், 8ஆம் வகுப்பு ஆசிரியை): ஐயா, மணல், கூழாங்கல், கரி ஆகியவற்றைக் கொண்டு நீர் வடிகட்டி செய்யச் சொன்னேன். ஒவ்வொரு குழுவும் தன்னுடையதே சிறந்தது என்று வாதிடுகிறது. எப்படித் தீர்ப்பது?

பதில்: நம் தென்னாப்பிரிக்கத் தொழில்நுட்பப் பாடத்திட்டம் ஆராய்தல், வடிவமைத்தல், செய்தல், மதிப்பிடுதல், எடுத்துரைத்தல் என்று வரிசைப்படுத்தினாலும், மதிப்பிடுதலுக்கான அளவுகோல்களை மாணவர்கள் புட்டியை வெட்டுவதற்கு முன்பே கரும்பலகையில் எழுதிவிட வேண்டும் அம்மா. "நீர் தெளிவாக இருக்க வேண்டும்" என்று எழுதினால் போதாது. தாளில் கருப்பு மையால் ஒரு பெருக்கல் குறி போட்டு, அதன்மேல் உயரமான கண்ணாடிக் குவளையை வைத்து, வடிந்த நீரைக் குறி மறையும்வரை ஊற்றி, நீர்மட்டத்தைச் சென்டிமீட்டரில் அளக்கச் சொல்லுங்கள். மட்டம் எவ்வளவு உயர்கிறதோ அவ்வளவு தெளிவு. ஒரே வாளிச் சேற்றுநீரை ஒவ்வொரு முறையும் கலக்கிவிட்டு, குழுவுக்கு 500 மில்லி கொடுங்கள். கலக்காமல் எடுத்தால் கடைசிக் குழுவுக்கு மண்டிதான் கிடைக்கும். அவர்கள் சண்டைக்கு வருவதும் நியாயமே.

கேள்வி (பீனிக்ஸ்): செலவு 30 ரேண்டைத் தாண்டிய வடிகட்டிக்கு மதிப்பெண்ணைக் குறைத்தால் போதுமா?

பதில்: போதாது. வரம்பு என்று முன்பே அறிவித்திருந்தால், அதை மீறியது போட்டியிலேயே இல்லை. புள்ளிகள் அளவுகோல்களுக்கு மட்டுமே.

கேள்வி (டோங்காட்): எல்லா அளவுகோலுக்கும் ஒரே எடை (முக்கியத்துவத்தைக் காட்டும் எண்) தரலாமா?

பதில்: தரலாம், ஆனால் யாருக்காகச் செய்கிறோம் என்ற கேள்வி அதில் காணாமல் போய்விடும். தெளிவுக்கு 3, வேகத்துக்கு 2, கழுவும் எளிமைக்கு 1 என்று எடை வைத்துக்கொள்வோம். முதல் வடிகட்டி இவற்றில் முறையே 4, 2, 4 புள்ளிகள் பெற்றால், ஒவ்வொன்றையும் அதன் எடையால் பெருக்கிக் கூட்டிய தொகை 20. இரண்டாவது 3, 5, 3 பெற்றால் 22. தெளிவின் எடையை 6 ஆக்கினால் 32க்கு 31 என்று முதலாவது வென்றுவிடும். ஆகவே எடையைச் சோதனைக்கு முன்பே முடிவு செய்து, காரணத்தையும் எழுதச் சொல்லுங்கள். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் உங்கள் ஊர் நீர் சுத்திகரிப்பு நிலையம் சேதமடைந்து குழாய்கள் வறண்டதைக் கண்ட பிள்ளைகளுக்குக் காரணம் சொல்லத் தெரியும். தோற்ற வடிகட்டியையும் எறிய வேண்டாம். அதன் வேகத்துக்குக் காரணமான அடுக்கை வென்றதில் சேர்த்து மீண்டும் சோதிக்கலாம்.

கேள்வி (ஒரு தாயார்): வென்ற வடிகட்டியின் நீரை என் மகன் குடிக்கலாமா?

பதில்: கூடாது அம்மா. அது கலங்கலைக் குறைக்கும். கிருமிகள் நீங்கிவிட்டன என்று நம்ப முடியாது.