ஆர்கேட் பார்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: பெருநகரங்களில் காசு போட்டு ஆடும் விளையாட்டு இயந்திரங்களை வைத்து, 'ஆர்கேட் பார்' என்ற பெயரில் இரவு விடுதிகள் பெருகி வருகின்றனவாமே? சிறுவர்கள் ஆடும் வீடியோ கேமுக்கும் பெரியவர்கள் குடிக்கும் இடத்துக்கும் என்ன உறவு?

பதில்: உறவு புதிதன்று. அட்டாரி நிறுவனம் 'பாங்' என்ற வீடியோ கேமின் முதல் இயந்திரத்தை 1972இல் வைத்துப் பார்த்த இடமே, கலிஃபோர்னியாவின் சன்னிவேல் நகரில் இருந்த ஒரு மதுக்கூடந்தான். சில நாள்களிலேயே இயந்திரம் ஓடவில்லை என்று புகார் வந்தது. அதை வடிவமைத்த ஆலன் ஆல்கார்ன் சென்று திறந்து பார்த்தபோது எந்தப் பாகமும் பழுதாகியிருக்கவில்லை. காசு விழும் பாத்திரம் நிரம்பி வழிந்து, அடுத்த காசு இறங்க இடமில்லாமல் போயிருந்தது. ஒரு தொழிலுக்கு இதைவிட நல்ல சகுனம் வேண்டுமா என்ன! பின்னர் இந்த இயந்திரங்கள் தனிக் கூடங்களுக்குப் போயின. வீட்டிலேயே ஆடும் கருவிகள் பரவியதும் கூடங்கள் மெலிந்தன. 2004இல் நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் 'பார்கேட்' என்ற ஆர்கேட் பார் திறக்கப்பட்டபோது, அந்தக் கூடங்களில் சிறுவயதைக் கழித்தவர்கள் மது அருந்தும் வயதை எட்டிச் சம்பாதிக்கவும் தொடங்கியிருந்தார்கள்.

கேள்வி: சில இடங்களில் ஒவ்வோர் ஆட்டத்துக்கும் காசு போட வேண்டும், சில இடங்களில் நுழைவுக் கட்டணம் செலுத்திவிட்டால் மூடும்வரை ஆடலாம். எது நல்லது?

பதில்: பழைய ஆர்கேட் விளையாட்டு, ஆடுபவரைச் சில நிமிடங்களில் தோற்கடித்து அடுத்தவருக்கு இடம் விடச் செய்யும் நோக்கில் கட்டப்பட்டது, மதுக்கூடமோ, வந்தவர் எழுந்து போகாமல் அமர்ந்திருந்தால்தான் பிழைக்கும். எதிரெதிரான இந்த இரண்டு கணக்குகளையும் ஒரே கூரையின்கீழ் ஒத்துப்போகச் செய்வதுதான் உரிமையாளரின் சாமர்த்தியம். நுழைவுக் கட்டண முறையில் கோப்பைக்கும் இயந்திரத்துக்கும் இடையே மனம்போல் உலவலாம் என்பது உண்மையே. ஆனால் என் ஓட்டு காசுக்குத்தான். இலவசமாக ஆடும்போது தோல்விக்கு மதிப்பில்லை. பாதி ஆட்டத்தில் கைவிட்டுப் போகிறவர்களும், மாலை முழுவதும் ஒரே இயந்திரத்தைப் பிடித்துக்கொண்டு நகராதவர்களும் அங்கே அதிகம். காசு போடும் இடங்களிலோ, அடுத்து ஆட விரும்புபவர் திரைக்குக் கீழேயுள்ள விளிம்பில் தம் காசை வைத்துவிட்டு ஒதுங்கி நிற்பார். அந்தக் காசுகளின் வரிசைதான் காத்திருப்போர் வரிசை. அதை யாரும் தொடுவதில்லை என்பது எழுதப்படாத சட்டம்.

கேள்வி: இத்தகைய இடங்களில் காணப்படும் பின்பால், அதாவது சாய்வான பலகையில் உலோகப் பந்தை ஓடவிட்டு ஆடும் விளையாட்டு, ஒரு காலத்தில் சூதாட்டம் என்று தடை செய்யப்பட்டிருந்ததாமே?

பதில்: ஆம், நியூயார்க் நகரில் 1942 முதல் 1976 வரை தடை நீடித்தது. மேயர் லா கார்டியா சம்மட்டியால் இயந்திரங்களை உடைத்துக் காட்டிய படங்கள் புகழ்பெற்றவை. அவர் தரப்பிலும் ஓரளவு நியாயம் இருந்தது: பந்தைத் தட்டித் திருப்பும் 'ஃபிளிப்பர்' 1947இல்தான் வந்தது, அதற்கு முன் பந்து எங்கே விழும் என்பது பெரும்பாலும் அதிர்ஷ்டத்தைப் பொறுத்தே இருந்தது. 1976இல் ராஜர் ஷார்ப் என்பவர் நகர மன்றத்தினர் முன்னிலையில் ஆடிக் காட்டினார். பந்து மேலேயுள்ள நடுப்பாதை வழியாகச் செல்லும் என்று முன்கூட்டியே சொல்லி, பந்தை உந்திவிடும் விசைக்கோலை அளவாக இழுத்து விட்டார். பந்தும் அவ்வாறே சென்றது. தடை நீங்கியது. திறமையைக் காட்டலாமே தவிர இயந்திரத்தை உலுக்கக் கூடாது: உள்ளே ஒரு வளையத்தின் நடுவே ஊசல்குண்டு தொங்குகிறது, அது வளையத்தைத் தொட்டுவிட்டால் ஃபிளிப்பர்கள் செயலற்றுப் போகும், அந்தப் பந்தும் கைவிட்டுப் போகும்.

கேள்வி: திரைகள் மங்கலாக இருக்கின்றனவே, புதிய தட்டைத் திரைகளை மாட்டினால் என்ன?

பதில்: மாட்டுகிறவர்களும் உண்டு. ஆனால் அந்தப் படங்கள் பழைய தொலைக்காட்சிப் பெட்டிகளில் இருந்ததுபோன்ற படக்குழாய்த் திரையின் ஒளிக்கசிவைக் கணக்கில் கொண்டு வரையப்பட்டவை. தட்டைத் திரையில் அவை கரடுமுரடாகத் தெரியும். அக்காலத் துப்பாக்கி விளையாட்டுகள் பலவும் படக்குழாயில் ஓடும் ஒளிக்கற்றையைக் கொண்டே குறியைக் கண்டறிவதால், திரையை மாற்றினால் குறியே பதியாது. படக்குழாய் உற்பத்தி ஏறத்தாழ நின்றுவிட்டதால், பழுதுபார்க்கத் தெரிந்த ஒருவரைக் கையில் வைத்திருக்கும் உரிமையாளர் பாக்கியசாலி. அவருக்கு இன்னொரு தலைவலி, பொத்தான்களின் மேல் சிந்தும் பானம். இரண்டு இயந்திரங்களுக்கு நடுவே இடுப்பளவில் சிறிய தட்டு பொருத்தியிருந்தால், அது உங்கள் கோப்பைக்குத்தான். தயவுசெய்து பொத்தான்களின் அருகில் வைக்காதீர்கள்.

கேள்வி: மது அருந்தாதவன் நான். போகலாமா?

பதில்: தாராளமாக. கூட்டம் சேருவதற்கு முன், திறந்தவுடனே செல்லுங்கள். அந்த நேரத்தில் எந்த இயந்திரத்தின் விளிம்பிலும் காசு இருக்காது.